நடுக்கடலில் வயிற்றை மறைத்தவன்

மனைவிக்காக ஒரு தியாகம் செய்தே தீருவது என்று நான் முடிவெடுத்தபோது காலை மணி ஆறே கால். இடம், சுற்றுலாக் கப்பலின் ஆறாவது தளத்தில் எங்கள் அறையின் கழிவறை. பெரிய முடிவுகளை எடுக்க அது தோதான இடம் இல்லை. இந்தப் பக்கம் திரும்பினால் முழங்கை கதவில் இடிக்கும். அந்தப் பக்கம் திரும்பினால் சோப்புப் பெட்டி தலையில் விழும். நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கப்பலும் ஆடியது, வயிறும் ஆடியது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடியிருந்தால் சமாளித்திருப்பேன்.

இது வெறும் கடல் மயக்கம் என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். நான் ஏமாறவில்லை. முந்தைய நாள் மதியம்தான் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசியிருந்தார். கப்பலில் சிலருக்கு வயிற்றுத் தொற்று. வாந்தி, பேதி வந்தவர்கள் உடனே மருத்துவப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரம் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. "பயப்பட ஒன்றுமில்லை" என்று முடித்தார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் பயந்தார்கள்.

எனக்கு இரண்டுமே வந்துவிட்டன. மாறி மாறி, முறை தவறாமல்.

ஆனால் சொல்ல மாட்டேன். அதுதான் தியாகம். சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் பூட்டிவிடுவார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அந்த ஊரில் என் மனைவியின் தங்கை இருக்கிறாள். ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பேச்சு இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முப்பத்தொரு வருஷமாகச் சட்டைப் பையில் சிவப்புப் பேனா. மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். வீட்டில் நான் பேசினால் முற்றுப்புள்ளி வைப்பவள் அவள். நான் வைக்கும் காற்புள்ளிகளை அவள் மதித்ததே இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சினி தன் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். கூடவே சகலை. கூடவே சம்பந்தி வீட்டார் நாலு பேர். பத்திரிகையைக் கையில் வாங்கினேன். பேனா தானாக வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது பழக்கதோஷம். ஒரே அட்டையில் ஏழு பிழை. ஆறோடு நிறுத்தியிருக்கலாம். ஏழாவதைச் சத்தமாக வாசித்தேன். "மணமக்களை வாழ்த்த வருக" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மணமக்களை வீழ்த்த வருக" என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நானூறு பத்திரிகை ஏற்கெனவே ஊரெல்லாம் போயிருந்தது. சம்பந்தி சிரிக்கவில்லை. மச்சினி எழுந்து போனாள். போனவள் போனவள்தான்.

மனைவி ஓய்வு பெற்றதும் மகள் எங்களை இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டாள். ஏழு நாள் பயணம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, நாலாவது நாள் நிற்கும் ஊரின் பெயரைப் பயணத் தாளில் பார்த்ததும் மனைவி அரை மணி நேரம் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில். "வர்றேன்னு சொல்லிட்டா" என்றாள் என்னிடம். கப்பலில் ஏறியதிலிருந்து என்னையே பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தங்கை நினைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட சந்திப்பை என் வயிறு கெடுக்கலாமா? ஒரு தடவை என் கை கெடுத்தது போதாதா?

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இவ்வளவு நேரம்?"

"பல் தேய்ச்சேன்."

"முக்கால் மணி நேரமா?"

"முப்பத்திரண்டு பல்லு இருக்கில்ல?"

"போன வருஷம் ரெண்டைப் பிடுங்கினோமே."

"அந்த இடத்தையும் தேய்ச்சேன்."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். கூடையை ஒரு வினாடி பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

முந்தைய நாளே கதவுக்கு அடியில் ஒரு சுற்றறிக்கையைச் செருகியிருந்தார்கள். தொற்றுநோய் விதிமுறைகள், இரண்டு பக்கம். நான்தான் முதலில் வாசித்தேன். பதினோரு பிழை. "கைகளை அடிக்கடி கழுவவும்" என்பதை "கைகளை அடிக்கடி தழுவவும்" என்று அடித்திருந்தார்கள். எல்லாவற்றையும் சுழித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் சுழித்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வாசித்தாள். எனக்குப் பிழைகள் தெரிந்தன, விதிகள் தெரியவில்லை.

விதிகளை எனக்குச் சொன்னவர் எதிர் அறைக்காரர். முன்னாள் பஸ் கண்டக்டர். அவருக்கும் அவர் மனைவிக்கும் இரண்டாம் நாளே தொற்று பிடித்துக்கொண்டது. கதவைக் கால்வாசி திறந்து, முகத்தை மட்டும் நீட்டிப் பேசுவார்.

"புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்துப் பூட்டிட்டாங்க சார். முப்பது வருஷம் எல்லாரையும் 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு விரட்டினேன். இப்ப என்னை விரட்டிட்டாங்க."

"ஒருத்தருக்கு வந்தா ரெண்டு பேரையுமா?"

"அதைத்தானே சொல்றேன். ரெண்டு டிக்கெட், ஒரே சீட்டு."

அவர்கள் இரண்டு பேருக்கும் நோய் வந்திருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. கண்டக்டர் சொன்னால் கப்பலே சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். கதவைத் திறந்தால் அறைப் பணியாளர் நின்றிருந்தார். எங்கள் வரிசையில் பதினாறு அறைகளைச் சுத்தம் செய்பவர். நாற்பது வயதிருக்கும். வழுக்கை, எப்போதும் இடுப்பில் ஒரு துணி. முதல் நாள் என் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனபோது, தரையில் குப்புறப் படுத்து எடுத்துக் கொடுத்தவர்.

"சார், எல்லாம் நலமா?" என்று கேட்டார். அந்த இரண்டு நாளாக எல்லா அறையிலும் அதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. நலமில்லை என்றால் கையுறை, முகமூடி போட்டு, தனிக் கிருமிநாசினியோடு வருவார்கள். நலம் என்றால் வழக்கமான துணி, வழக்கமான வாளி.

"நலம்" என்றேன்.

"அப்ப உள்ளே சுத்தம் பண்ணிடட்டுமா?"

"தாராளமா."

அவர் வாளியோடு உள்ளே போனார். நான் லிஃப்ட்டை நோக்கி வேகமாக நடந்தேன். பின்னால் மனைவியின் செருப்புச் சத்தம் கொஞ்சம் மெதுவாக வந்தது.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு ஆள் கைகழுவும் மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். உள்ளே கரண்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். உப்பு டப்பா இல்லை. ரொட்டியைக்கூட நாமே எடுக்க முடியாது, கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவர்கள்தான் வைப்பார்கள். முந்தைய நாள் வரை தோளில் கை போட்டுப் பேசிய பயணிகள் இப்போது முழங்கையால் வணக்கம் வைத்தார்கள். யாராவது இருமினால் மூன்று மேசை காலியானது.

என் தட்டில் இரண்டு முட்டை இருந்தன. அவை என்னைப் பார்த்தன. எங்களுக்குள் ஒரு போராட்டம் நடந்தது.

"ஏன் சாப்பிடலை?"

"உடம்பைக் குறைக்கலாம்னு பாக்கறேன்."

"இன்னிக்கா?"

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாதே."

"நேத்து ராத்திரி மூணாவது தடவை ஐஸ்கிரீம் வாங்கினப்ப இந்த நல்ல காரியம் எங்க போயிருந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. "லைப்ரரி வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

ஐந்தாவது தளத்தில் லைப்ரரி. அதை ஒட்டி ஒரு அருமையான பொதுக் கழிவறை. யாரும் வராத இடம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போனால் வெளியே மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் ஆளுக்கொரு புத்தகம். ஒருவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நானும் அலமாரியிலிருந்து தடிமனாக ஒன்றை உருவிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றார். கப்பலில் இத்தனை வாசகர்கள் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

முன்னால் நின்றவர் மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு என்ன காரணம்?"

"மச்சினி. உங்களுக்கு?"

"இன்னிக்கு எங்க அம்பதாவது கல்யாண நாள். மொத்தக் குடும்பமும் வந்திருக்கு."

அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார். "பேத்தி நீச்சல் போட்டியில இருக்கா. வாக்குக் குடுத்துட்டேன்."

நல்ல மனிதர்கள். எல்லோருக்கும் நல்ல காரணம். ஒரே கைப்பிடியைத்தான் வரிசையாகத் திருகினோம்.

பதினொரு மணிக்குள் நாலு தடவை போய்விட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்படி என்னங்க புத்தகம்?"

"பெரிய நாவல். பாகம் பாகமா இருக்கு."

"இப்ப எந்தப் பாகம்?"

"நடுப்பாகம். கொஞ்சம் கொந்தளிப்பா போகுது."

"முடிவு தெரியுதா?"

"இன்னும் தெரியலை."

பதினொன்றரைக்கு அறைக்குள் வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றில். முகம் வாடியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க."

"சொல்லு."

"காலையிலேருந்து வயிறு சரியில்லை. ரெண்டு தடவை வாந்தி." குரல் உடைந்தது. "டாக்டர்கிட்ட சொன்னா பூட்டி வெச்சிடுவாங்க. நாளைக்கு அவளைப் பாக்க முடியாம போயிடும். யாருக்கும் தெரியாம மறைச்சிடலாமாங்க?"

முப்பத்து நாலு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி யோசித்த முதல் சந்தர்ப்பம் அது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதே. நானும் அதைத்தான் பண்ணிட்டிருக்கேன்."

"என்னது?"

"காலையில ஆறே காலிலேருந்து. உனக்காகத்தான். உன்கிட்டகூடச் சொல்லலை பாத்தியா? நீ கவலையே படாதே. எல்லாத்துக்கும் வழி இருக்கு. நம்ம அறைக் கழிவறை வேண்டாம், சத்தம் கேக்கும். அஞ்சாவது தளம் லைப்ரரி பக்கத்துல ஒண்ணு இருக்கு. பெண்களுக்கும் இருக்கு. கையில ஒரு புத்தகம் வெச்சுக்கோ. சாப்பாட்டை மடியில கைக்குட்டை விரிச்சு அதுல தள்ளிடலாம். முகம் வெளுத்திருந்தா கன்னத்தை ரெண்டு கிள்ளு கிள்ளிக்கணும். நர்ஸ் வந்தா கடலைப் பாத்துட்டே பேசணும்."

ஐந்து மணி நேரத்தில் நான் கற்ற வித்தை முழுவதையும் கொட்டிவிட்டேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு நிதானமாகக் கழுவினாள். நிமிர்ந்து வந்து தொலைபேசியை எடுத்தாள். வயிற்றைப் பிடித்திருந்த கை இப்போது இடுப்பில் இருந்தது.

"மருத்துவப் பிரிவா? அறை அறுநூத்திப் பதினேழு. ஆமா, வாந்தி, பேதி. ஒருத்தருக்குத்தான். இல்லை, நான் நல்லா இருக்கேன். இவருக்கு..." என்னைப் பார்த்தாள். "எத்தனை மணியிலேருந்து?"

"ஆறே கால்" என்றேன், எழுந்து நின்று.

அவள் போனை வைத்தபோது மணி பதினொன்றே முக்கால்.

"அப்ப உனக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

"பொய்யா?"

"முப்பத்திரண்டு வருஷமா 'டீச்சர் வயித்து வலி'ன்னு பொய் சொன்ன பிள்ளைங்களைப் பாத்தாச்சு. வயித்து வலி இல்லைன்னு பொய் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அந்த மாதிரி ஆளை நேரா கேட்டா வாயைத் திறக்க மாட்டான். பக்கத்துல உக்காந்து, நானும்தான்னு சொல்லணும்."

"எப்ப கண்டுபிடிச்ச?"

"ஏழு மணிக்குச் சந்தேகம். முட்டையைப் பாத்தீங்களே, அப்ப நிச்சயம். நீங்களா சொல்லட்டும்னு காத்திருந்தேன்."

"ஐயோ, ரெண்டு பேரையும் பூட்டிடுவாங்களே! உன் தங்கச்சி?"

அவள் மேசை மேலிருந்த சுற்றறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் சுழித்த பதினோரு இடங்களுக்கு நடுவில், பிழையே இல்லாத ஒரு வரியில் விரலை வைத்தாள். நோய் அறிகுறி இல்லாத துணைவர் வேறு அறைக்கு மாற்றப்படுவார். இருபத்துநாலு மணி நேரம் அறிகுறி ஏதும் இல்லையென்றால் அவர் வெளியே செல்லலாம்.

"நாளைக்குப் பதினொண்ணே முக்காலுக்கு என்னை விட்டுடுவாங்க. கப்பல் ரெண்டு மணிக்கு நிக்கும். சாயங்காலம் வரைக்கும் உங்க நாவலைப் படிக்க விட்டிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்."

நர்ஸ் வருவதற்குள் அவள் தன் துணிகளை ஒரு பையில் அடுக்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"காலையில அந்த அறைப் பணியாளர் இங்க சுத்தம் பண்ணாரே, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அவர் நலமான்னு கேட்டார்."

"அது எனக்கும் கேட்டுச்சு. என்ன சொன்னீங்க?"

நான் மறுபடியும் கடலைப் பார்த்தேன். அவளுக்குத்தான் அதுவும் கேட்டிருக்குமே.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அவள் திட்டவில்லை. பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். "நானும் காத்திட்டிருந்திருக்கக் கூடாது. அப்பவே அவரை நிறுத்தியிருக்கணும்" என்றாள், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. அந்த வார்த்தை எனக்கு வாந்தியைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவளை இரண்டாவது தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்கு மாற்றினார்கள். எனக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் பாட்டில் பாட்டிலாக வந்தது. அன்று முழுக்க நான் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே வாழ்ந்தேன். பத்தடி தூரம்தான். கடைசியில் அது ஒரு பெரிய பயணமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். கஞ்சிக் கிண்ணத்தோடு முகமூடி போட்ட ஒரு பெண்.

"வழக்கமா வர்றவர் எங்கம்மா?"

"அவரு விடியக்காலையிலேருந்து படுத்துட்டாரு சார். அவருக்கும் வயிறுதான். அவரோட பதினாறு அறையையும் நாங்க ரெண்டு பேர் பிரிச்சுக்கிட்டோம்."

கிண்ணம் கையில் சுட்டது. அப்படியே நின்றேன்.

என்னால்தான் வந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. கப்பலில் அப்போது அறுபது பேருக்கு மேல் படுத்திருந்தார்கள். எங்கிருந்தும் வந்திருக்கலாம். இதை எனக்கு நானே அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வெறும் துணியோடு என் கழிவறைக்குள் போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு லிஃப்ட்டுக்கு நடந்தேன். தியாகம் என்று பெயர் வைத்தது நான். செய்தவர் அவர். அவரைக் கேட்காமலே அவர் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். "ஐயா, நேற்றுக் காலை நலமா என்று கேட்டீர்கள். நலம் என்றேன். அது பொய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் தக்க பாதுகாப்போடு வந்திருப்பீர்கள். என்னை மன்னிக்க வேண்டும்." பழக்கம் விடுமா? நாலு தடவை திருத்திப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. பிழையே இல்லாத தாளில் இவ்வளவு பெரிய தப்பு இருக்க முடியும் என்று முப்பத்தொரு வருஷத்தில் அன்றுதான் கண்டேன்.

கிண்ணம் எடுக்க வந்த பெண்ணிடம் நீட்டினேன். அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"இந்த அறையிலேருந்து காகிதம்கூட வெளிய போகக் கூடாது சார். நீங்க படிங்க. நான் மனசுல வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லிடறேன்."

"இங்கேயா? சத்தமாவா?"

"நான் தள்ளித்தான் நிக்கணும் சார். கொஞ்சம் சத்தமாவே படிங்க."

படித்தேன். பாதியில் எதிர்க் கதவு கால்வாசி திறந்தது. கண்டக்டரின் முகம் தெரிந்தது. "பொய்" என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் சத்தமா சார்" என்றாள் அந்தப் பெண். ஒரு தடவை என் வீட்டுக் கூடத்தில் அடுத்தவர் பிழையை உரக்க வாசித்தேன். என் பிழையை உரக்க வாசிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

முடித்ததும் கண்டக்டர் கேட்டார். "சார், டிக்கெட் இல்லாமயா ஒரு நாள் சுத்தினீங்க?"

"அரை நாள்தான்" என்றேன். அவர் கதவை மூடிக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் நின்றது. எங்கள் ஜன்னல் துறைமுகம் இருந்த பக்கமாகவே அமைந்தது என் அதிர்ஷ்டம். திறக்க முடியாத கண்ணாடி. மூக்கை அதில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆட்கள் கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தார்கள்.

மனைவி இறங்குவதைப் பார்த்தேன். நீலப் பை. அதே வேகமான நடை, மணி அடித்துவிட்ட மாதிரி. அந்தப் பக்கம் வேலி ஓரத்தில் ஒரு மஞ்சள் குடை. குடை மடங்கியது. ஒரு பெண் ஓடி வந்தாள். உடம்பு கனத்திருந்தது, ஓட்டம் மட்டும் பழைய ஓட்டம். மனைவி ஒரு கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் அல்லவா, தொட வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். இரண்டு பேரும் இரண்டு கை தூரத்தில் நின்றார்கள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்த இரண்டு கை தூரம் பெரிதில்லை என்று தோன்றியது. ஒரு நீளமான பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பேசினாள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

மூன்று மணி நேரம். நான் நகரவில்லை. கடைசியில் இருவரும் தலையைத் தூக்கிக் கப்பலைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். எனக்கு அவர்கள் தெரிந்தார்கள், அவர்களுக்கு நான் தெரியவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. எப்படியோ நடந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன்.

மாலைக் கஞ்சியோடு பதிலும் வந்தது. "சொல்லிட்டேன் சார். எட்டு மாசத்துல முதல் தடவையா பகல்ல படுத்திருக்கேன், ஆனா தூங்கத்தான் முடியலைன்னாரு. கோபம் இல்லையாம்." கிளம்பியவள் திரும்பினாள். "அடுத்த தடவை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கன்னாரு."

கப்பல் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. இரண்டாவது தளத்திலிருந்து மனைவி.

"இப்ப எப்படி இருக்கு?"

"கஞ்சி உள்ளேயே நிக்குது. தங்கச்சி என்ன சொன்னா?"

"நிறைய. அன்னிக்கு நீங்க சிரிச்சப்ப நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேனாம். அதுதான் அவளுக்கு இத்தனை வருஷம் ஆறலை. எனக்கு ஞாபகமே இல்லைங்க. ஆனா சிரிச்சிருப்பேன். மன்னிச்சுக்கடின்னு சொன்னேன்."

"அப்ப என் மேல கோபம் இல்லையா?"

"அது இருக்கு."

"இன்னுமா?"

"அவ வர்றதுக்கே ஒரு நிபந்தனை போட்டா. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை. நான் தனியா வரணுமாம். ஏறின நாளிலேருந்து அதே யோசனை. உங்களை எப்படிக் கப்பல்லயே விட்டுட்டு இறங்கறதுன்னு. சீட்டாட்டப் போட்டியில சேத்து விடலாமான்னுகூடப் பாத்தேன்."

பெருமூச்சுகளின் அர்த்தம் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது.

"உனக்காக நான் அரை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு மறைச்சேனே!"

"ஆமாங்க. அதான் பயந்துட்டேன். கடைசி வரைக்கும் மறைச்சு, ஜம்முனு என்கூட இறங்கிடுவீங்களோன்னு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னொரு விஷயம். நாளைக்குச் சாயங்காலம் அடுத்த துறைமுகம். பேச இன்னும் நிறைய இருக்குன்னு அவ கார் எடுத்துட்டு அங்கேயும் வர்றா."

"நல்லது. போய்ட்டு வா."

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கெல்லாம் உங்களுக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் முடிஞ்சிடுதே."

"ஆமா."

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையின் பொய்யைக்கூட விட்டுக்கொடுக்காத என் மனைவி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"ஏங்க, டாக்டர் வந்து கேட்டா, இன்னும் லேசா வயித்து வலி இருக்குன்னு சொல்லிடுங்களேன்."